சிங்கப்பூரில் பேய் உலவுவதாகச் சொல்லும் இடங்களில் எங்கே போகலாம்?

ஆவி தேடிப் பயணம் செய்பவர் நீங்கள், இங்கே எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் முதலில் சொல்வது பழைய சாங்கி மருத்துவமனை. வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். ஏறிக் குதித்தால் வழக்கு. விட்டுவிடுங்கள்.

நான் அனுப்புவது புக்கிட் பிரவுன் சீனர் இடுகாட்டுக்கு. 1922இல் திறந்து 1973இல் மூடினார்கள். சுமார் 1,00,000 கல்லறைகள். காலையிலேயே போங்கள், கொசு மருந்து அவசியம். சில கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிகளின் சிலைகள், கன்னமெல்லாம் பாசி படிந்து நிற்கும். வீட்டு வாசலைக் காத்தவர்களையே அங்கும் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்! அவர்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன்.

அப்புறம் சாங்கி கடற்கரை. இரவில் அழுகுரல் கேட்கும் என்பார்கள். 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியப் படையினர் 66 ஆண்களை அந்த நீரோரத்தில் சுட்டுக் கொன்றார்கள். கேமராவை எடுக்கும் முன் நினைவுக்கல்லைப் படியுங்கள். செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆவிகள் உலவ வரும் என்று சீனர்கள் நம்பும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் வந்தால், நடைபாதையில் வைத்த படையலை மிதிக்காதீர்கள். கெத்தாய் என்னும் பாட்டுக் கச்சேரி மேடையின் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தாலும் உட்கார வேண்டாம். அவை ஆவிகளுக்கு.