கேள்வி – பதில்: இலவச மின்சாரமும் இறங்கும் கிணறும்

கேள்வி: கரண்ட் இலவசம் என்பதால்தான் நிலத்தடி நீர் வற்றுகிறது என்கிறார்களே, பழி முழுக்க விவசாயி மேல்தானா?
– திருவண்ணாமலை வாசகர்

பதில்: பாதிதான் உண்மை. தமிழகத்தில் 1990 முதல் விவசாய பம்புசெட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தண்ணீரை வீணாக்குவதில், கரண்ட் வரும் நேரம் நிச்சயமில்லாததற்கும் பெரிய பங்குண்டு. கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தால், வயல் நிரம்பி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குஜராத் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் விவசாயத்துக்குத் தனி மின்பாதை போட்டு, சொன்ன நேரத்தில் 8 மணி நேரம் மும்முனை மின்சாரம் கொடுத்தார்கள். நேரம் தெரிந்தால் இப்படிப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டியதில்லை.

மீதிப் பாதி அரசுக் கொள்முதலில் இருக்கிறது. தண்ணீர் அதிகம் கேட்கும் நெல்லை எடுக்க நிலையம் இருக்கும்போது, விலை அறிவித்தும் வாங்க ஆளில்லாத துவரையை யார் விதைப்பார்கள்? நீர்மட்டம் இறங்கினால் முதலில் காய்வது சிறு விவசாயியின் ஆழமில்லாத கிணறு. பெரிய விவசாயி போர் போட்டுக்கொள்வார். 30 மீட்டரிலிருந்து இறைத்ததை 90 மீட்டரிலிருந்து இறைக்க மூன்று மடங்கு மின்சாரம் வேண்டும். அந்த மானியச் சுமை அரசின் தலையில்.

கேள்வி: பஞ்சாபில் நடவுக்குத் தேதி வைத்தார்களே, பலன் உண்டா?
– தஞ்சை வாசகர்

பதில்: 2009-ல் வந்த சட்டம் ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக் கூடாது என்றது; பிறகு அந்தத் தேதி மாறியது. கோடை வெயிலில் ஆவியாகும் நீரை மிச்சப்படுத்தும் நல்ல யோசனைதான். ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு முன் கிடைக்கும் நாட்கள் சுருங்கின. அறுவடைக்குப் பின் நிற்கும் தாளை எரிப்பது அதிகமாக அதுவும் ஒரு காரணம். நெல் கொள்முதலை மாற்றாததால் நெல் பரப்பும் குறையவில்லை.

கேள்வி: என் வயலில் நான் என்ன செய்யலாம்?
– மதுரை வாசகர்

பதில்: முதலில் அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் 50 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 4 லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்க ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது 7 மணி நேர ஓட்டம். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் போதும்; அதாவது வயலைக் காயவிட்டு, பிறகு பாய்ச்சுவது. எப்போது பாய்ச்சுவது என்று அறிய ஒரு வழி: 30 செ.மீ. பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள், பதர் கூடிவிடும்.