சைக்கிள் என்ஜினில் எதை மினுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் சைக்கிளில் பூட்டியிருக்கும் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினின் அலுமினியப் பாகங்கள் மங்கி, வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிட்டன. ஒருவர் சொன்னாரென்று கோஸ்டிக் சோடா கரைத்துக் கழுவினேன், எல்லாம் கறுத்துப்போனது. கண்ணாடிபோல மினுக்க எந்தப் பசை வாங்க வேண்டும்? என்ஜின் முழுவதையும் மினுக்கலாமா? பிறகு வார்னிஷ் அடிக்கலாமா?"

முதலில் அந்தக் கறுப்பைப் பார்ப்போம். கோஸ்டிக் சோடா ஒரு காரம், அலுமினியம் காரத்தில் கரையும். கரையும்போது ஐதரசன் வாயு குமிழ்விட்டு வெளியேறும். வார்ப்பு அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கனும் செம்பும் அப்படிக் கரைவதில்லை. அவை மேலே படலமாகத் தங்கிவிடுகின்றன, உங்களைப் பயமுறுத்தியது அந்தப் படலம்தான். சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டி மங்குவதும் காரத்தின் வேலையே. புளிக்குழம்பு வைத்த சட்டியின் உட்புறம் வெளுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள், அது புளியின் அமிலம் செய்வது. ஆனால் புளி வெளுக்கவைக்குமே தவிர மினுக்காது. கோஸ்டிக் சோடாவை இனித் தொடாதீர்கள். நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டால் போதும், கறுப்பு தேய்ப்பில் தானாகப் போய்விடும்.

பசையைப் பற்றிக் கேட்டீர்கள். கீறல் நிறைந்த பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கீறல்களை மேலும் மேலும் நுண்ணியதாக்கிக்கொண்டு போவதே மொத்த வேலையும். பசை கடைசிக் கட்டத்துக்கு மட்டும். விலை கூடிய பசையை வாங்கி மேலே பூசித் தேய்ப்பவர்களுக்குக் கிடைப்பது மினுங்கும் கீறல்கள்.

எதை மினுக்குவது என்பதில்தான் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். போர்க்காலத்தில் வடக்குக்கு எரிபொருள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், பிளக் வாயில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். அந்நாளில் என்ஜின் மின்னுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறதா என்றே பார்த்தோம். அந்தக் கண் இன்னும் மாறவில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெற்றோலும் எண்ணெயும் கலந்த காற்று முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் பெட்டிக்குள் போய், பிறகே சிலிண்டருக்கு ஏறுகிறது. எனவே பெட்டிக்குள் விழும் தேய்ப்புத் தூள் நேராகப் பெயரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போகும். பெட்டி காற்று இறுக்கமாகவும் இருக்க வேண்டும். காஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாள்) அமரும் முகத்தைத் தேய்த்து அதன் சமதளத்தைக் கெடுத்தால் வெளிக்காற்று புகும், கலவையில் பெற்றோல் குறையும், சூடு ஏறிப் பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே மக்னெற்றோ (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) பக்க மூடி, கிளச் பக்க மூடி, செயின் மூடி ஆகிய மூன்றையும் கழற்றி எடுத்து, அவற்றின் வெளிப்புறத்தை மட்டும் மினுக்குங்கள். கிராங்க் பெட்டியை, என்ஜினை முழுதாகப் பிரிக்கும் நாள்வரை விட்டுவிடுங்கள். சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் செதில்களும் வேண்டாம். மினுக்கிய அலுமினியம் வெப்பக் கதிர்களை வெளிவிடுவதில் மிக மந்தமானது. சூட்டின் பெரும்பகுதியைக் காற்றே கொண்டுபோகிறது என்பது உண்மைதான், ஆனாலும் சைக்கிள் வேகத்தில் கிடைக்கும் காற்றை நம்பி அந்தச் சிறு பங்கையும் ஏன் இழக்க வேண்டும்? செதில் இடுக்கில் விரலும் நுழையாது.

மூடியில் தெளிந்த வார்னிஷ் ஏற்கெனவே இருந்தால் பெயின்ற் கழற்றும் திரவத்தால் முதலில் அகற்றுங்கள். பிறகு ஹாட்வெயார் கடையில் வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், இலக்கம் கூடக் கூட நுண்ணியது) வாங்குங்கள். வார்ப்புத் தழும்பு இருந்தால் 240, இல்லாவிட்டால் 400 இலக்கத்தில் தொடங்கி, 600, 1000, 1500 என்று ஏறுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். எனக்கு மண்ணெண்ணெய் பிடிக்கும், தாளில் அலுமினியம் அப்பாது. ஒவ்வொரு இலக்கத்திலும் முந்தியதற்குக் குறுக்காகத் தேயுங்கள். பழைய கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போன பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். இடையில் மூடியையும் கையையும் கழுவுங்கள், 240இன் ஒரு மணல் 1500க்குள் வந்தால் அன்றைய வேலை வீண். அதிக நேரம் முதல் தாளிலேயே போகும், பெரும்பாலானோர் அங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க ஊசிமுனைத் துளைகள் வெளிப்பட்டால் நிறுத்திவிடுங்கள். வார்ப்பின் மேல்தோலுக்குக் கீழே அவை இன்னும் இருக்கும், துரத்தினால் பெருகும்.

கடைசியில் துளைக்கும் மெசினில் துணிச் சில்லு பூட்டி, முதலில் மண்ணிற மினுக்கும் பசைக் கட்டியாலும் பிறகு வேறொரு சில்லில் வெள்ளைக் கட்டியாலும் மினுக்கலாம். ஒரே சில்லில் இரண்டையும் பூசாதீர்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும் கை கிரைண்டரில் துணிச் சில்லைப் பூட்டவே கூடாது. மூடியின் விளிம்பைச் சில்லுக்கு எதிராகக் காட்டினால் பறித்து எறிந்துவிடும். கையுறை, தொங்கும் சாரத் தலைப்பு இரண்டும் ஆபத்து. மூக்கைக் கட்டி, கண்ணாடி அணியுங்கள். அலுமினியத் தூள் குவிந்திருக்கும் இடத்தில் இரும்பு அரைத்துப் பொறி பறக்கவிடாதீர்கள், அது தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் ஈரம் காயாமல் மெசினை ஓடவும் விடாதீர்கள்.

வார்னிஷ் வேண்டாம். சூடுபடும் இடத்தில் மஞ்சளித்து, கல் பட்ட இடத்தில் உரிந்து, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும். கார் மெழுகை மூன்று மூடிகளிலும் மெல்லியதாகப் பூசித் துடையுங்கள், சிலிண்டர் தலையில் பூசினால் புகையும். கிறவல் வீதிப் புழுதி படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் துடைத்தால் நீங்கள் பட்ட பாடெல்லாம் போய் மறுபடி 1000இல் தொடங்க நேரும். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்குங்கள், என்ஜின் ஆறிய பிறகு.