அப்பா இறந்ததை வங்கிக்கு இன்னும் சொல்லவில்லை, சிக்கல் வருமா?

கேள்வி: மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற என் அப்பா இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டில் காலமானார். அவருடைய ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் என்னிடம் இருந்தன. ஈமச் செலவுக்கு ஒரு முறையும், அம்மாவின் மருந்துக்கு இரண்டு முறையும் பணம் எடுத்தேன். பென்ஷன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. "வங்கிக்குச் சொன்னால் கணக்கை முடக்கிவிடுவார்கள், பொறு" என்கிறார் அண்ணன். தங்கைக்குக் கோபம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கார்டை உள்ளே வையுங்கள், இனி தொட வேண்டாம். கணக்கு முடங்கும் என்று உங்கள் அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் முடங்க வேண்டிய கணக்குதான் அது. உங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை அவர் சொல்லி நீங்கள் பணம் எடுத்தீர்கள். அந்த அனுமதி அவரோடு முடிந்துவிட்டது. பவர் பத்திரமே எழுதிக் கொடுத்திருந்தாலும் இதே கதிதான்.

இறந்தவரின் சொத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வது, இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 315-ஆம் பிரிவில் குற்றம். பழைய ஐபிசியில் இது 404-ஆம் பிரிவு. அடக்கத்துக்கும் அம்மாவின் மருந்துக்கும் எடுத்ததில் அந்த எண்ணம் இருந்ததாக யாரும் எளிதில் நிரூபிக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டே போனால் கதை வேறு. அதனால் தேதி, தொகை, செலவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ரசீதுகளோடு தங்கையிடமும் அண்ணனிடமும் இப்போதே கொடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பல, பணத்தைவிட, மறைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில்தான் வருகின்றன.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். அது இல்லாமல் எந்தக் கவுன்டரிலும் வேலை நடக்காது. வீட்டில் நிகழ்ந்த இறப்பை 21 நாட்களுக்குள் குடும்பத்தார் பதிவு செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால், 30 நாள் தாண்டிவிட்டதால் பிறப்பு இறப்புக்கான மாவட்டப் பதிவாளரின் அனுமதி தேவைப்படும். பிரதிகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் வங்கிக் கிளைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல் நிற்காது. இறப்புக்குப் பின் ஏறிய பென்ஷன் உங்கள் பணம் இல்லை, திரும்பப் பிடிப்பார்கள். கூடுதலாக வரவான தொகையைத் திருப்ப ஒப்புக்கொள்ளும் உறுதிமொழியைப் பென்ஷன் தொடங்கும்போதே வாங்கியிருப்பார்கள். ஆனால் நீங்கள் பேசாமல் இருப்பதில் நட்டம் அம்மாவுக்குத்தான்: அவருடைய குடும்ப ஓய்வூதியம் நீங்கள் தகவல் தந்த பிறகுதான் நகரும். பென்ஷன் ஆணையில் அவர் பெயர் இருந்தால் அதன் நகல், இறப்புச் சான்றிதழ், அவருடைய அடையாள ஆவணம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கணக்கு அம்மாவோடு சேர்ந்த 'ஐதர் ஆர் சர்வைவர்' கணக்கா (இருவரில் யாரும், ஒருவர் போனபின் மற்றவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கா) என்றும் பாருங்கள். அப்படியென்றால் அதை அவர் தொடர்ந்து இயக்கலாம், முடக்கம் என்ற பயமே வேண்டாம்.

நாமினி இருந்தால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும், வாரிசுரிமைச் சான்று கேட்காது. ஆனால் நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. உயில் இல்லாவிட்டால் அம்மாவுக்கும் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. அண்ணனுக்கு இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

வேறு யாருக்குச் சொல்வது என்று தெரியாவிட்டால் அப்பாவின் பாஸ்புக்கில் கடைசி ஒரு வருடப் பக்கங்களைப் புரட்டுங்கள். காப்பீட்டுப் பிரீமியம், லாக்கர் வாடகை, கடன் தவணை எல்லாம் அங்கே கிடக்கும். கடன்காரர் யாராவது போனில் மிரட்டினால் சொந்தக் காசைக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் ஜாமீனோ கூட்டுக் கடனாளியோ இல்லையென்றால், அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. கடனுக்குக் காப்பீடு எடுத்திருந்தாரா என்று அவர்களிடமே கேளுங்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

வாக்காளர் பட்டியல் நீக்கம் (படிவம் 7), பான் கார்டு போன்றவை காத்திருக்கலாம். பானை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். அப்பாவின் கடைசி வருமான வரிக் கணக்கை வாரிசு ஒருவர் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால் அது தேவைப்படும்.