முதுகுப் பருவும் ஈர ஜெர்சியும்: கேள்வி பதில்

தஞ்சாவூர்ல 16 வருஷமா மருந்துக்கடையில நிக்கிறேன், காலையில ஓடவும் போறேன். கபடி, ஜிம், போலீஸ் செலக்‌ஷன் பயிற்சின்னு வேர்த்துட்டு நேரா கடைக்கு வந்து "முதுகுப் பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு கேக்கிறவங்களை தினம் பாக்குறேன். நீங்க அனுப்புன கேள்விகளுக்குப் பதில் கீழே.

ஒரத்தநாட்டுல இருந்து ஒரு தம்பி: அக்கா, டிரை-ஃபிட் (சீக்கிரம் காயும்னு விக்கிற பாலியஸ்டர் பனியன்) போட ஆரம்பிச்சதுல இருந்து முதுகு பூரா பரு. காட்டனுக்கு மாறிடவா?

துணியை மாத்துனா மட்டும் போதாது தம்பி. சூடு, வேர்வை, அழுத்தம், உரசல் நாலும் ஒரே இடத்துல சேர்ந்தா மயிர்க்கால் வாய் அடைச்சுக்கும். உள்ள இருக்கிற எண்ணெய்ப் பசை வெளிய வர முடியாம பருவா வீங்கும். தோல் மருத்துவத்துல இதுக்கு 'ஆக்னே மெக்கானிகா'ன்னு பேரு. 1975லயே இதைப் பத்தி விளக்கமா எழுதிட்டாங்க. அமெரிக்கக் கால்பந்து ஆடுறவங்களுக்கு தோள் கவசமும் ஹெல்மெட் வாரும் படுற இடத்துல வர்றதும் இதேதான்.

காட்டன் வேர்வையை உறிஞ்சிட்டு ஈரமாவே முதுகுல ஒட்டிக்கும். டிரை-ஃபிட் வேர்வையைத் துணியோட வெளிப்பக்கம் கொண்டுவரும், ஆனா காத்துல அது ஆவியாகணுமே! நம்ம டெல்டா புழுக்கத்துல அது லேசுல காயாது. அதனால எந்தத் துணியா இருந்தாலும் தொளதொளன்னு போடுங்க, முடிச்சதும் கழட்டுங்க.

போன ஆடியில ஒரு கபடிப் பையன் வந்தான். ரெண்டு தோள்லயும் வார் போட்ட மாதிரி நேர்கோட்டுல பரு, மத்த இடமெல்லாம் சுத்தம். சட்டையில அதே இடத்துல வெள்ளையா உப்புக் கோடு. விசாரிச்சா, ஆறரைக்குப் பயிற்சி முடியுது, அப்புறம் டீக்கடை, பஸ், வீடு சேர ஒன்பது மணி. அதுவரைக்கும் அதே ஜெர்சி, அதுமேல புத்தகப் பை. நான் மருந்தே குடுக்கலை. ஒரு துண்டும் மாத்துச் சட்டையும் எடுத்துட்டுப் போ, பையைக் கையில தூக்கிக்கன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு மாசத்துல புதுப் பரு நின்னுபோச்சு, தழும்பு மட்டும் மெல்ல மங்கிட்டு வருது.

கும்பகோணம், ஒரு சகோதரி: ஸ்போர்ட்ஸ் பிரா பட்டை படுற இடத்துல வரிசையா வருது. ஜிம்ல உடை மாத்த இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரா அடுப்படி வேலை.

அந்த அடுப்படி நேரம்தான்மா பிரச்சினை. ஈரப் பட்டை, அதுமேல அடுப்புச் சூடு. டிபன் பத்து நிமிஷம் பிந்தினா ஒண்ணும் ஆகாது, வீட்டுல சொல்லி வைங்க. முதல்ல கழட்டி, குளிச்சு, தளர்வா ஒரு நைட்டி போட்டுட்டு அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க. பட்டை சதையில தடம் பதிக்குதுன்னா சைஸ் சின்னது. மூணு பிரா வச்சு மாத்தி மாத்திப் போடுங்க, நேத்து போட்டதைத் துவைக்காம இன்னைக்குப் போடாதீங்க.

ஐப்பசி மழையில துணி காயவே மாட்டேங்குதே?

ஆமாங்க, மூணு நாளானாலும் நம்ம ஊர்ல நமுத்துத்தான் இருக்கும். நல்லாப் பிழிஞ்சு ஃபேனுக்குக் கீழே ராத்திரி போடுங்க, காலையில அயர்ன் பண்ணுங்க (லேபிள்ல இருக்கிற சூடு மட்டும், பாலியஸ்டர் உருகிடும்). வாசனை லிக்விட் கடைசியா ஊத்தி ஊற வைக்கிறதை விட்டுடுங்க, அது துணியில படிஞ்சு வேர்வையை உறிஞ்ச விடாது.

பீர்க்கன் நாரை வச்சு அழுத்தித் தேய்ச்சா போகுமா?

போகாது, அதிகமாகும். துணி உரசி வந்ததை நாரும் உரசுனா என்ன ஆகும்? கையால சோப்பு போட்டாப் போதும்.

என்ன மருந்து போடலாம்?

பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்துல ஆரம்பிங்க. குளிக்கும்போது தடவி ரெண்டு மூணு நிமிஷம் விட்டுக் கழுவிடணும். துண்டும் பனியனும் இதுல வெளுத்துப் போகும், பழைய வெள்ளைத் துண்டா வச்சுக்குங்க. ஆறு, எட்டு வாரம் பொறுமை வேணும். கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம எதையும் போடாதீங்க.

மன்னார்குடி: எனக்கு ஒரே அளவுல சின்னச் சின்னதா, பயங்கர அரிப்பு. பரு க்ரீம் கேக்கலை.

அது பருவே இல்லாம இருக்கலாம். மயிர்க்கால்ல ஒரு வகைப் பூஞ்சை பெருகினாலும் முதுகுலயும் நெஞ்சுலயும் இப்படித்தான் வரும். அதுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டா இன்னும் கூடும். டாக்டர்கிட்ட காட்டுங்க. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தோல் பிரிவு இருக்கு. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன்: ஸ்டீராய்டு கலந்த அரிப்பு க்ரீமை யாரோ சொன்னாங்கன்னு வாங்கிப் போடாதீங்க. ரெண்டு நாள் அடங்கின மாதிரி இருந்துட்டு, அப்புறம் உடம்பு பூரா பரவி வந்து என் முன்னாடி அழுதவங்க நிறைய.

தலைக்கு எண்ணெய் வச்சுட்டு ஓடலாமா?

வேண்டாம். வேர்வையோட வழிஞ்சு பின்கழுத்துலயும் முதுகுலயும் இறங்கும். எண்ணெய்க் குளியலை ஓய்வு நாள்ல வச்சுக்குங்க.

பயிற்சி முடிஞ்சு பம்புசெட்டுல குளிக்கிறோம். அது போதுமா?

ரொம்ப நல்லது. ஆனா குளிச்சுட்டு அதே ஜெர்சியைப் போட்டுட்டு வர்றீங்களே!

ஒரு அம்மா: ஜிம்ல பையனுக்கு உடம்பு ஏற ஊசி போடுறாங்க போல. ஒரே மாசத்துல முதுகெல்லாம் கட்டி.

அம்மா, இதுக்கும் துணிக்கும் சம்பந்தமில்லாம இருக்கலாம். அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி நெஞ்சு, முதுகெல்லாம் கடுமையான பருவைக் கொண்டுவரும், உள்ள மத்த உறுப்புகளையும் கெடுக்கும். திட்டாம உக்கார வச்சு என்ன ஊசின்னு கேளுங்க. மருந்துப் பேரோட இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

திருவாரூர் கபடி டீம்: மேட்ச்ல தொளதொளன்னு போட்டா எதிராளி பிடிச்சு இழுத்துடுவான். டீமுக்கே ஒரே செட் ஜெர்சி, மாத்தி மாத்திப் போடுறோம்.

மேட்ச்சுக்கு இறுக்கமாப் போடுங்க தம்பி, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது. பயிற்சிக்குத் தளர்வா பனியன். ஆனா ஜெர்சியையும் துண்டையும் மட்டும் பங்கு போடாதீங்க, ஒருத்தர் முதுகுல இருக்கிற சீழ்க்கட்டி மத்தவங்களுக்கும் தொத்தும். காலர்ல மார்க்கர்ல அவங்கவங்க பேரை எழுதி வச்சுக்குங்க.