'ஆவன'வா, 'ஆவண'வா?

கேள்வி: அலுவலகக் கடிதங்களை எழுதுவது என் வேலை. 'ஆவன செய்யவும்' என்று நான் எழுதியதை மேலதிகாரி 'ஆவண செய்யவும்' என்று திருத்திவிட்டார். எடுத்துச் சொன்னால், "புரிஞ்சா போதாதா?" என்கிறார். 'நினைவு கூறுவது', 'சுவற்றில்' போன்றவற்றில் எனக்கே குழப்பம் உண்டு. தேவையில்லாமல் அலட்டிக்கொள்கிறேனா?

பதில்: இல்லை. நீங்கள் எழுதியதுதான் சரி. ஆவன என்றால் ஆக வேண்டியவை, செய்யத் தக்கவை. ஆவணம் என்பது பத்திரம். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார், உண்மைதான். ஆனால் அந்த வேலையை அவர் தலையில் கட்டுவானேன்? 'அக்கறையுடன்' என்பதை 'அக்கரையுடன்' என்று எழுதினால் எதிர்க்கரைக்குப் போய்விடுகிறோம். பொறுப்பு 'பொருப்பு' ஆனால் அது மலை. இரங்கல் செய்தி 'இறங்கல்' ஆகிவிட்டால், சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்து தொலைக்கும். கணினியின் பிழைதிருத்தியும் 'அக்கரை'யைத் தடுக்காது. அதுவும் நல்ல சொல்தானே, இடம்தான் தப்பு.

சரி, உங்கள் குழப்பத்துக்கு வருவோம். இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'தலைவரை நினைவுகூர்ந்தார்கள்' என்றுதானே வருகிறது? அப்படியானால் நினைவுகூர்வது, நினைவுகூரும். வாயால் சொல்வதற்குத்தான் கூறு, கூறினார். அடுத்து சுவர். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும், இரண்டும் 'று' என்று முடிவதால். சுவர் முடிவது 'ர்' என்று. எனவே சுவரில், சுவருக்கு. பயிரைப் 'பயிற்றில்' என்று எழுதுவாரில்லை, சுவருக்கு மட்டும் ஏன் இந்தக் கதியோ! ஒற்றெழுத்தையும் கவனியுங்கள். பணம் கைமாறும்; பிரதி உபகாரம் என்றால் கைம்மாறு.

அதற்காக எல்லாவற்றுக்கும் கொடி பிடிக்க வேண்டாம். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற வழக்கு தமிழாசிரியர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கை 'வாழ்த்துகள்' என்றே எழுதும், ஆனால் அடுத்தவர் 'க்' போட்டால் நான் வாய் திறப்பதில்லை. பொருள் கெடவில்லையே.

மேலதிகாரியிடம் நாலு பேர் முன்னால் இலக்கணம் பேசாதீர்கள். கடிதம் வெளியே போகும் முன், தனியாக, அகராதியைக் காட்டிச் சொல்லுங்கள். அப்படியும் மசியாவிட்டால் 'தேவையான நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதிவிடுங்கள். அதில் அவர் மூன்று சுழி போட இடம் தேட வேண்டியிருக்கும்.