கிளுவை வேலிக்குக் கார்பன் பணம் வருமா?

கேள்வி: எனக்கு 6 ஏக்கர் மானாவாரி நிலமும், அதைச் சுற்றிப் பாட்டன் காலத்துக் கிளுவை வேலியும் இருக்கின்றன. நிலத்துக்குள்ளும் கிளுவை, ஆவாரை, விராலி ஆகியவற்றை வரிசையாக நட்டால் கார்பன் கிரெடிட்டாக ஆண்டுதோறும் பணம் வரும் என்று ஒரு முகவர் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?
– வாசகர் ஒருவர், தாராபுரம்

பதில்: செடிகளைத் தாராளமாக நடுங்கள்; ஆனால் கார்பன் பணத்தை நம்பிக் கடன் வாங்கி நடாதீர்கள். கார்பன் கிரெடிட் என்பது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சேர்த்து வைத்ததற்குத் தரப்படும், விற்கத்தக்க சான்று. முதலில், பாட்டன் வைத்த வேலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். திட்டத்தால் புதிதாகச் சேரும் கார்பனுக்கு மட்டுமே கிரெடிட் உண்டு. ஏற்கெனவே நிற்கும் செடி எத்தனை பழையதாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. கொறங்காட்டை, அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தை, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்களுக்கு இது அநீதியாகத்தான் படும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. எனினும் விதி அதுதான்.

புதிய செடிக்கான கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு செடியின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன், அதை 3.67 ஆல் பெருக்கினால் அது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியமில வாயுவின் எடை கிடைக்கும். நன்கு வளர்ந்தபின் மீட்டருக்கு 5 கிலோ உலர் எடை தேறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 600 மீட்டர் புதிய வேலியில் 3,000 கிலோ உலர் எடையும், அதில் 1,410 கிலோ கார்பனும் இருக்கும். கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 5.2 டன். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. ஆக, பல ஆண்டு வளர்ச்சிக்கும் சேர்த்து மொத்தமே 5 கிரெடிட்தான், ஆண்டுக்கு 5 அல்ல. இதிலிருந்துதான் அளவீடு, சரிபார்ப்பு, பதிவு, முகவரின் பங்கு ஆகிய எல்லாச் செலவும் போக வேண்டும். தனி விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது என்பதால்தான் நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாகச் சேர்த்துத் திட்டம் எழுதுகிறார்கள்.

பணத்தைவிட நான் அஞ்சுவது ஒப்பந்தக் காலத்தைத்தான். செடியை வெட்டி எரித்தால் சேர்ந்த கார்பன் மீண்டும் காற்றுக்கே போய்விடும் என்பதால், நீண்ட காலத்துக்கு அதை அழிக்கக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள். ஆஸ்திரேலியாவில் 2011 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் செடி வளர்த்துக் கிரெடிட் பெறுகிறவர் 25 ஆண்டு அல்லது 100 ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும். 25 ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் கிரெடிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கழிக்கப்படும். நம் நாட்டில் மத்திய வேளாண் அமைச்சகம் வேளாண்மைக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக் (சட்டக் கட்டாயமின்றி, விரும்புவோர் கிரெடிட்டை வாங்கி விற்கும் சந்தை) கட்டமைப்பை 2024 ஜனவரியில்தான் வெளியிட்டது. எனவே கையெழுத்திடும் முன், எத்தனை ஆண்டு, வேலியைக் கவாத்து செய்யவும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் உரிமை உண்டா, வறட்சியில் செடி காய்ந்தால் இழப்பு யாருடையது, நிலத்தை விற்றாலோ பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தாலோ என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில், தமிழில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக மட்டும் பதில் சொல்பவருக்குச் சிட்டா நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கார்பன்தான் நோக்கம் என்றால், தானாகவே வேகமாக வளரும் சீமைக் கருவேலத்தை விட்டுவைத்தால் என்ன?
– வாசகர் ஒருவர், பரமக்குடி

பதில்: எடை வேகமாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை பரவி, நீங்கள் நடாத வயலிலும் முளைத்து, அடியில் புல்லையும் வளரவிடாது. விளைநிலத்தையும் மேய்ச்சலையும் பறிகொடுத்துச் சேர்க்கும் கார்பனால் விவசாயிக்கு லாபமில்லை. கொறங்காட்டிலோ வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல் விளைகிறது, காங்கேயம் மாடு மேய்கிறது, சுற்றிலும் கிளுவை நிற்கிறது. நிலம் உழுபடாமல் கிடப்பதால் புல்வேரும் சாணமும் மண்ணிலேயே மட்குகின்றன. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கார்பன் (மட்கிய பொருள்களில் உள்ள கார்பன்) 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எழுதுவார்கள். மானாவாரி நிலங்கள் பலவும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. அது சிறிது உயர்ந்தாலும் மழைநீர் கூடுதலாக நிலத்தில் தங்கும்.

கேள்வி: கிளுவையை விதை போட்டு வளர்ப்பதா, போத்து நடுவதா?
– வாசகர் ஒருவர், கரூர்

பதில்: போத்துதான் எளிது. முற்றிய கிளைகளை வெட்டி, அடி மேல் மாறாமல், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் நெருக்கமாக ஊன்றி மண்ணை இறுக மிதித்துவிடுங்கள். இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதை) ஓரமாக நடுவதாயின், வண்டித்தடத்தை விட்டுச் சற்று உள்ளே தள்ளி நடுவது நல்லது. பின்னர் வேலி பருத்துப் பாதையை அடைத்தால் பங்காளிச் சண்டை வரும். வேர் பிடிக்கும் வரை ஆடு நெருங்காதபடி முள்ளடைப்புப் போடுங்கள். கவாத்துக் கழிவைத் தீயிடாமல் வேலியடியிலேயே பரப்பிவிடுங்கள்.