இரண்டாவது பட்டியல்

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். போன மாதம் நடத்திய பொது அறிவுப் போட்டியில், "இங்கிலாந்து உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவான முதல் கறுப்பின வீரர் யார்?" என்று கேட்டிருந்தேன். விடை விவ் அண்டர்சன், 1978. ஒரு பையன் மட்டும் ஜாக் லெஸ்லி, 1925 என்று எழுதினான். பிழை போட்டேன். பிறகுதான் தேடி வாசித்தேன். அவ்வளவு பெரிய வீரர் முதுமையில் வெஸ்ட் ஹாம் கழகத்தில் சப்பாத்துத் துடைத்தார் என்று வாசித்தபோது அழுகை வந்துவிட்டது. நான் பிழை போட்டது சரியா? ஆர்தர் வார்ட்டன் முதலா, அண்ட்ரூ வாட்சன் முதலா என்பதிலும் குழப்பம். இவர்கள் யாருமே ஏன் கோபப்படவில்லை? தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதக்கூடாதா?

சு.

தம்பி சு.,

மூன்று கிழமையாக உங்கள் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற மனிதனுக்கு என்ன வேலை? நீங்கள் தொட்ட இடம் அப்படி.

தமிழில் யாராவது எழுதக்கூடாதா என்கிறீர்கள். பாடசாலையில் இருப்பவர் நீங்கள். எழுதுங்கள்.

வார்ட்டனா வாட்சனா? இந்த "முதல்" பைத்தியம் நம்மை விட்டு எப்போது போகுமோ. வாட்சன் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். 1881 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்கொட்லாந்துக்குத் தலைவராக இறங்கி, இங்கிலாந்தை 6-1 என்று வென்றுவிட்டுப் போனார். வார்ட்டன் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்து, மதபோதகராகப் படிக்க வந்து, கோல் காப்பாளர் ஆனவர். 1886இல் 100 யார் தூரத்தை 10 விநாடியில் ஓடியவரும் அவர்தான். 1889இல் ரொதரம் டவுனில் சம்பளத்துக்கு ஆடினார். பிற்காலத்தில் யோர்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. 1930இல் செத்தபோது புதைத்த இடத்துக்குக் கல் இல்லை, 1997இல்தான் வைத்தார்கள். வாட்சனை நாட்டுக்கு ஆடிய முதல் கறுப்பர், வார்ட்டனைச் சம்பளத்துக்கு ஆடிய முதல் கறுப்பர் என்பார்கள். இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள், குழப்பம் தீரும்.

ஏன் கோபப்படவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு எனக்குத்தான் கோபம் வந்தது. கோபப்படவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? வால்ட்டர் டல் என்ற கறுப்பு வீரர் 1909இல் லண்டன் டொட்டனம் கழகத்துக்கு ஆடினார். பிரிஸ்டலில் கூட்டம் அவரைப் பார்த்துக் கத்திய வார்த்தைகளைக் கண்டு, ஆட்டத்தை எழுதப் போன பத்திரிகைக்காரரே வெட்கப்பட்டு எழுதினார். கொஞ்ச நாளில் டல்லை முதல் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கத்தியவர்களை ஒன்றும் செய்யவில்லை. டல் நோர்தம்டன் கழகத்துக்குப் போய் நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடினார். வெள்ளையர் அல்லாதவரை அதிகாரியாக்கக் கூடாது என்று விதி இருந்த பட்டாளத்தில் 1917இல் அதிகாரியானார். 1918 மார்ச்சில் பிரான்சில் சுடுபட்டுச் செத்தார். உடல் கிடைக்கவில்லை. அவர் கோபப்பட்டாரா இல்லையா என்று பார்க்க நீங்களும் நானும் அவர் வீட்டுக் குசினிக்குள் இருந்தோமா?

சப்பாத்துக்கு வருவோம்.

நான் 1987இல் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில், ஓர் அறையில் நான்கு பேர். வெஸ்ட் ஹாம் மைதானம் நடந்து போகும் தூரம். சனிக்கிழமை ஆட்டம் இருந்தால் வீட்டுக்கார அக்கா காலையிலேயே சொல்லிவிடுவார்: "தம்பியவை, இண்டைக்கு மட்ச். ரெண்டு மணிக்கு முன்னம் வீட்டை வந்து சேருங்கோ." குதிரைப் பொலிஸ் வரும். திரைச்சீலையை இழுத்து மூடுவோம். வெளியே அலை மாதிரி ஒரு சத்தம் எழும்பும், அடங்கும். கோல் விழுந்ததா, யாரையாவது அடிக்கிறார்களா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மைதானத்துச் சப்பாத்து அறையில் ஜாக் லெஸ்லி என்றொரு மனிதர் பதினைந்து வருடமளவில் வேலை செய்துவிட்டு, நான் வருவதற்குச் சில வருடம் முன்புதான் நின்றிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, திரைச்சீலையைத் திறந்திருக்கவா போகிறோம்?

அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணைத் துடையுங்கள், தம்பி. லெஸ்லி கனிங் டவுன் பிள்ளை, ஜமேக்காத் தகப்பனுக்குப் பிறந்தவர். தொழிலால் கொதிகலன் செய்பவர். ஆடி முடித்த பிறகும் அந்த வேலையைச் செய்து, ஓய்வுபெற்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் தன் ஊர்க் கழகத்துக்கு வேலைக்குப் போனார். உலகக் கிண்ணம் வென்ற பொபி மூரின் சப்பாத்து அவர் கையால் துடைபட்டது. பெர்முடாவிலிருந்து வந்த கறுப்புப் பையன் கிளைட் பெஸ்ட்டின் சப்பாத்தும்தான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. சப்பாத்தைப் பார்த்து அழுகிறவர்கள் 1925ஐப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆத்திரம்.

1925இல் லெஸ்லி பிளிமத் ஆர்கைல் கழகத்தின் இன்சைட் லெஃப்ட், முன்வரிசையில் இடது உள்பக்கம் ஆடுகிறவர். மூன்றாம் பிரிவுக் கழகம். ஆனாலும் அங்கே ஆடி முடித்தபோது 400 ஆட்டம், 137 கோல். ஒரு நாள் முகாமையாளர் பொப் ஜாக் அவரைக் கூப்பிட்டு, இங்கிலாந்துக்கு உன்னைத் தெரிவு செய்துவிட்டார்கள் என்கிறார். ஊரெல்லாம் அதே பேச்சு. சில நாள் கழித்துப் பத்திரிகையில் வேறு பட்டியல் வருகிறது. லெஸ்லி பெயர் இல்லை. அஸ்டன் வில்லாவின் பில்லி வோக்கர் இருக்கிறார். பேச்சு சட்டென்று நின்றுபோனது, ஒருவரும் தன் கண்ணைப் பார்க்கவில்லை என்று லெஸ்லி வயதான காலத்தில் சொன்னார். மேலிடத்து ஆட்கள் மறுபடி வந்து பார்த்தார்களாம். என் ஆட்டத்தை அல்ல, முகத்தை என்றார். ஒக்டோபர் 24, பெல்ஃபாஸ்ட்டில் இங்கிலாந்து அயர்லாந்தோடு 0-0. அதே சனிக்கிழமை பிளிமத் போர்ன்மத்தை 7-2 என்று அடித்தது. லெஸ்லிக்கு இரண்டு கோல்.

கவனியுங்கள், தம்பி. ஒருவரும் அவரை "நீக்கவில்லை". முதல் பட்டியலை வெட்டித் திருத்தியிருந்தால் வெட்டிய கோடாவது மிஞ்சியிருக்கும். புதிதாக ஒரு பட்டியலை அழகாக எழுதிவிட்டார்கள். அதில் பிழையே கிடையாது. வோக்கர் நல்ல ஆட்டக்காரர், யார் என்ன சொல்ல முடியும்? முதல் கறுப்பு வீரர் யார் என்று கேட்கிறீர்களே, இரண்டாவது பட்டியலை எழுதிய கை யாருடையது என்று எந்தப் பொது அறிவுப் போட்டியிலாவது கேட்டிருக்கிறீர்களா?

அப்படியொரு இரண்டாவது பட்டியலை நான் எழுதியிருக்கிறேன். தொண்ணூறுகளில் லண்டனில் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு விளையாட்டுக் கழகம். கோடை விடுமுறைக்கு ஊர்க் கழகங்களுக்கிடையே சுற்றுப்போட்டி, கொத்துரொட்டி, ஒலிபெருக்கி எல்லாம் இருக்கும். நான் செயலாளர், கையெழுத்து அழகு என்பதால். பதினொரு பேரில் வலது பக்கம் ஆட ஒரு பொடியன், பதினெட்டு வயது. அவனைப் போல் ஓட எங்களில் ஆள் இல்லை. பெயரை எழுதிவிட்டேன். குழுவில் மூத்தவர் ஒருவர் தேத்தண்ணீர் குடித்தபடி, சத்தம் போடாமல், "அவை எங்கடை ஆக்கள் இல்லையெல்லோ" என்றார். சாதியைச் சொல்லவே இல்லை. தேவையும் இல்லை. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். நான் கொப்பியில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அடுத்த தாளில் பதினொரு பெயரையும் திரும்ப எழுதினேன். ஒரு வெட்டுக்கூட இல்லாமல்.

பொடியன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமையும் பயிற்சிக்கு வந்தான். அதற்கடுத்த கிழமை வரவில்லை. அவனும் கோபப்படவில்லை என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

போன மாதம் ஒரு செத்தவீட்டில் அவனைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. "அண்ணை, முழங்கால் எப்படி?" என்று கேட்டு, எனக்குக் கதிரை இழுத்துப் போட்டான். அன்றிரவு வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் உங்கள் கடிதம்.

லெஸ்லி வேலை செய்த காலத்தில் வெஸ்ட் ஹாமில் முகாமையாளராக இருந்தவர் ரொன் கிரீன்வுட். 1978 நவம்பர் 29இல் வெம்பிளியில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக விவ் அண்டர்சனை இறக்கியவரும் அதே கிரீன்வுட்தான். லெஸ்லி அப்போது உயிரோடு இருந்தார். இதைப் பற்றி அரை மணி நேரம் பேச எனக்கு ஆசை. ஆனால் நீங்கள் விடைத்தாளைத் திருத்த வேண்டும். 2022இல் பிளிமத் மைதானத்தின் முன் லெஸ்லிக்குச் சிலை வைத்தார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அவர் குடும்பத்தைக் கூப்பிட்டு, நாட்டுக்கு ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கும் தொப்பியை, அவர் ஆடாத அந்த ஆட்டத்துக்காகக் கொடுத்தது.

உங்கள் கேள்வியில் "ஆடிய" என்றா இருந்தது, "தெரிவான" என்றா? தெரிவான என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பையனுக்குப் புள்ளியைக் கொடுங்கள். அவனுக்கு லெஸ்லியைப் பற்றி யார் சொன்னது என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.